நல்ல கிருமிகள் நலத் திட்டம்

மனித குல வரலாற்றில் நெருப்புக்கும் சக்கரத்துக்கும் அடுத்தபடியாக வைக்க வேண்டிய நிகழ்ச்சி, இரண்டாயிரத்து ஒன்பதில் ஓசூர் சிப்காட்டில், எங்கள் கம்பெனி கேன்டீனில் நடந்தது. ஆளுக்கொரு குட்டி பாட்டில் கொடுத்தார்கள். அதற்குள் கோடிக்கணக்கான "நல்ல கிருமிகள்".

அடியேன் கிருஷ்ணப்பன், செக்யூரிட்டி சூப்பர்வைசர். மெயின் கேட்டோடு கழிவறை டோக்கனும் என் பொறுப்பு. ஒரு உற்பத்தி லைனுக்கு ஒரே டோக்கன். போனவர் திரும்பினால்தான் அடுத்தவர் போகலாம். ஷிப்டுக்கு இரண்டு தடவைக்கு மேல் போகிறவர்கள் பெயரை எழுதி மேலே அனுப்புவேன். அந்த மாதம் எழுதி எழுதியே கை ஓய்ந்துவிட்டது. பாதிக் கம்பெனிக்கு வயிற்றுப்போக்கு.

எச்.ஆர். மேனேஜர் மோகன்குமார் கூட்டம் போட்டார். "குடல் சுவருங்கறது நம்ம காம்பவுண்டு சுவர் மாதிரி. நல்லதை உள்ள விடும், கெட்டதை வெளியவே நிறுத்திடும். அதை ஸ்ட்ராங் பண்ணத்தான் இந்த பாட்டில்."

என் உத்தியோகத்தின் பெருமை குடல் வரைக்கும் பரவியிருப்பதைக் கேட்டு நெஞ்சு விம்மியது.

பின்வரிசையில் இருளாயி எழுந்தாள். பரமக்குடிப் பக்கத்துப் பெண், கான்ட்ராக்ட் தொழிலாளி. இன்னும் நான்கு நாள் பெயர் கெடாமல் ஓட்டினால் வேலை நிரந்தரம்.

"சார், மாடி டேங்க்குல தண்ணி நாறுது. அதக் கழுவி விட்டாலே போதும் சார்."

"அதுக்கு பட்ஜெட் இல்லம்மா."

"பாட்டிலுக்கு மட்டும் இருக்கா சார்?"

"அது வெல்னெஸ். டேங்க் மெயின்டனன்ஸ். வேற டிபார்ட்மென்ட்!"

எவ்வளவு தெளிவான பதில்! நான்தான் முதலில் கை தட்டினேன். நல்ல கிருமிகளுக்குச் சூடு ஆகாதாம். ஏசி அறையில் புது பிரிட்ஜ் வைத்துப் பூட்டினார்கள். சாவி என்னிடம்.

நான்காம் நாள் மதியம் இருளாயி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"டோக்கன் குடுங்கண்ணே. தாங்க முடியல."

"இது மூணாவது தடவம்மா. எழுதணுமே."

"எழுதிராதீங்கண்ணே. இன்னைக்கு ஒரு நாளு தாண்ணே."

"பாட்டில் குடிச்சியா இல்லயா?"

"குடிச்சேன். அந்தத் தண்ணியையும் குடிச்சேன்லண்ணே."

டோக்கனைக் கொடுத்தேன். பெயரையும் எழுதினேன். கடமை என்று ஒன்று இருக்கிறதே.

மறுநாள் வேலை போய் வெளியேறிய அவளுக்குக் கேட்டைத் திறந்துவிட்டவனும் நான்தான். காம்பவுண்டு சுவர் கனகச்சிதமாக வேலை செய்தது. அவள் திரும்பிப் பார்த்து, "ஒங்க வயித்துக்கு மட்டும் ஒண்ணும் ஆகலியேண்ணே?" என்றாள். நியாயமான விசாரிப்பு.

திட்டம் மாபெரும் வெற்றி என்று நோட்டீஸ் போர்டில் என் போட்டோவை ஒட்டியிருக்கிறார்கள். வருஷம் முழுக்க ஒரு நாள்கூட வயிறு கெடாத ஒரே ஊழியர். போட்டோவில் என் காலடியில் ஒரு தண்ணீர் கேன் தெரியும். என் ஊர் தளியிலிருந்து தினமும் கொண்டுவரும், எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர். டேங்க் நாறுவது எனக்கு ஒரு வருஷமாகவே தெரியும்.