போடுவது நான், நிறுத்துவது அவள்

இனி இந்த வீட்டில் எதையும் உரிப்பதில்லை என்று ஒரு நாள் காலை முடிவு செய்துவிட்டேன். பட்டாணி, பூண்டு, சின்ன வெங்காயம் என்று தோலோடு பிறந்த எதையும் இனி இந்தக் கை தொடாது. நான் மூக்குக் கண்ணாடிக் கடைக்காரன். இந்த வட்டாரத்தில் பாதிப் பேருக்குப் பார்வை கொடுத்தவன். அப்பேர்ப்பட்டவனுக்கு ஞாயிற்றுக்கிழமை ஆனால் வெங்காயத்தால் கண் தெரிவதில்லை. என்ன நியாயம் இது?

முடிவு செய்தாயிற்று. மனைவியிடம் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. உலகத்தில் எத்தனையோ நல்ல முடிவுகள் அந்த இடத்தில்தான் அகால மரணம் அடைகின்றன. அதனால் நான் சொல்லவில்லை. பந்தயம் கட்டினேன்.

என் மனைவி பாலர் வகுப்பு டீச்சர். அவள் வகுப்பில் எல்லாமே மணிதான். ஒரு மணி அடித்தால் பிள்ளைகள் கை கழுவும். இரண்டு அடித்தால் வரிசையில் நிற்கும். மூன்று அடித்தால் வாயில் விரல் வைத்துக்கொள்ளும். வீட்டில் மணி கிடையாது, குரல்தான். ஒரு தடவை கூப்பிட்டால் மூன்றையும் நான் சேர்த்தே செய்துவிடுவேன்.

மாதம் ஒரு ஞாயிறு மாலை எங்கள் வீட்டில் கேரம் நடக்கும். அவளும் அவள் தம்பியும் ஒரு ஜோடி. தம்பி லிஃப்ட் மெக்கானிக். நானும் என் சிநேகிதர் பல் டாக்டரும் இன்னொரு ஜோடி. அக்காவும் தம்பியும் கேரம் போர்டைக் கட்டிக்கொண்டே வளர்ந்தவர்கள். அவர்கள் சுண்டினால் காய் வெட்கப்பட்டுக்கொண்டு குழிக்குள் போகும். நான் சுண்டினால் காய் நின்ற இடத்தில் நிற்கும், ஸ்ட்ரைக்கர் சோபாவுக்கு அடியில் போகும். இதுவரை நாங்கள் ஜெயித்ததே இல்லை.

“இந்தத் தடவை நான் ஜெயிச்சா, ஒரு மாசம் எதையும் உரிக்க மாட்டேன்” என்றேன்.

“தோத்தா?”

“தோத்தா வாயைத் திறக்காம உரிப்பேன்.”

“வாயைத் திறக்காமலா?” அவள் கண் அகலமாயிற்று. “அதுக்காகவே ஆடலாங்க!”

அவளுக்கு என்ன தெரியும்? என்னிடம் ஒரு திட்டம் இருந்தது.

அது பிறந்தது என் கடையில். ஒரு கண்ணாடி ஃப்ரேமில் கடுகளவு திருகு ஒன்றை மூச்சைப் பிடித்துக்கொண்டு முடுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கடைக்காரன் ஸ்பீக்கர் விற்பவன். புதுசாக வந்த ஒன்றைச் சோதித்துப் பார்த்தான். ஏதோ மேள வாத்தியம். பாட்டு இல்லை, வார்த்தை இல்லை. டக்கு, டக்கு, டக்கு... ஒரு சின்ன நிறுத்தம்... டம்! அவ்வளவுதான், திருகு பறந்தது. இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அவன் நிறுத்தவில்லை. சாயங்காலம் வரை அதே டக்கு டக்கு டம். ஆனால் மத்தியானத்துக்கு மேல் ஒரு அதிசயம். என் கை பழகிப்போய் அந்த ‘டம்’முக்காகவே காத்திருந்து, ‘டம்’மோடு சேர்ந்து திருகை முடுக்க ஆரம்பித்தது. ஒரு திருகுகூடத் தவறவில்லை.

எனக்குள் விளக்கு எரிந்தது. பழகாத கைக்கு இந்தச் சத்தம் எமன். பழகிய கைக்கு இதுவே துணை. கேரம் ஆடும்போது பின்னணியில் இதைப் போட்டால்? மைத்துனன் ஸ்ட்ரைக்கரை வைத்துக் குறி பார்ப்பான். டம்! கை ஆடும். நான் மட்டும் ‘டம்’மோடு சுண்டுவேன். என் ஜோடிக்காரர் கதி என்ன என்று கேட்கிறீர்களா? அவர் பல் டாக்டர் ஐயா! காதுக்கு ரெண்டங்குலத்தில் மெஷின் அலற, நோயாளி அதைவிட மேலே அலற, அதற்கு நடுவே வீட்டுக்கு என்ன காய் வாங்கலாம் என்று யோசிக்கிற மனுஷன். அவருக்குச் சத்தம் ஒரு பொருட்டா?

அந்த மேளத்தைப் பக்கத்துக் கடைக்காரனிடம் கேட்டு வாங்கி போனில் ஏற்றிக்கொண்டேன். தினமும் ஆபீசுக்குப் போகிற மாதிரி எங்கள் சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். காதில் இயர்ஃபோன். எதிரே கேரம் போர்டு. டக்கு, டக்கு, டக்கு, டம்! சுண்டு. என் விரலுக்கு நானே வாத்தியார். சில நாளில் விரல் என்னைக் கேட்பதை விட்டுவிட்டது. ‘டம்’ வந்தால் அதுவே சுண்டும், காய் விழும்.

“உள்ள என்னங்க பண்றீங்க? டொக்கு டொக்குன்னு சத்தம் கேக்குது?”

“பழைய சாமானைத் தட்டிப் பாக்கறேன்.”

“நல்லாத் தட்டிப் பாருங்க. வெளியில வர்ற பழைய சாமானை ஒரு நாள் நான் தட்டிப் பாக்கறேன்.”

அப்போது அது சாதாரணப் பேச்சாகத்தான் பட்டது. இரண்டு நாள் கழித்து நான் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். அடுப்பங்கரையில் அவள் கரண்டியால் பாத்திர மூடியைத் தட்டினாள். டக், டக், டக், டம். என் விரல் தானாகச் சுண்டியது. டம்ளர் உருண்டு, காப்பி முழுவதும் என் வேட்டியில்.

“ஐயையோ! என்னங்க ஆச்சு?”

“தெரியலையே. விரல் தானா ஆடுது.”

“நரம்பு பலவீனமா இருக்கும். உடம்பைப் பாத்துக்கோங்க.” அப்படிச் சொல்லிவிட்டு, தானே துணி கொண்டு வந்து தரையைத் துடைத்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் கொட்டியதை அவள் திட்டாமல் துடைத்தது அதுதான் முதல் தடவை. மனம் நெகிழ்ந்துபோனேன். மடையன்!

ஞாயிறு வந்தது. மைத்துனனும் பல் டாக்டரும் வந்து உட்கார்ந்தார்கள். போர்டில் பவுடர் தூவியாயிற்று. நான் மெதுவாகத் தூண்டில் போட்டேன்.

“சும்மா மொட்டையா ஆடுறதுக்கு, பின்னால ஏதாவது மியூசிக் ஓடினா நல்லாருக்கும், இல்ல?”

“அக்கா, புல்லாங்குழல் போடு” என்றான் மைத்துனன். “நாங்க லிஃப்ட்ல அதான் வைப்போம். ஜனங்க சத்தம் போடாம நிப்பாங்க.”

“உங்க லிஃப்ட் பாதி வழியில நிக்கிறப்பவும் அதான் ஓடுதுப்பா” என்றார் டாக்டர். “நாலாவது மாடிக்கும் அஞ்சாவது மாடிக்கும் நடுவுல அரை மணி நேரம் கேட்டிருக்கேன். அதிலேருந்து புல்லாங்குழல்னா எனக்கு மூச்சு முட்டுது. நம்ம கிளினிக்ல வைக்கிற வீணை இருக்கு, போடவா?”

“வேணாம் டாக்டர்! அதைக் கேட்டா எனக்குக் கடவாய்ப்பல் வலிக்கும்” என்றான் மைத்துனன்.

“வலிச்சா வாப்பா, பாத்துக்கலாம்.”

தொழில் புத்தி! “எதுக்குங்க சண்டை? நான் ஒண்ணு வெச்சிருக்கேன்” என்று போனை ஸ்பீக்கரில் சேர்த்தேன். டக்கு, டக்கு, டக்கு... டம்! மைத்துனன் நாற்காலியிலிருந்து ஒரு சாண் எழும்பி உட்கார்ந்தான்.

“மாமா! இது என்ன, வீடு இடிக்கிறாங்களா?”

“உற்சாகமா இருக்கும்டா. ரத்தம் சூடாகும்.”

“எனக்குத் தலை சூடாகுது.”

இதில்தான் பெரிய யுத்தம் வரும் என்று வீட்டுக்காரியைப் பார்த்தேன். வாதங்களை எல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். இந்த வீட்டில் எனக்கு எந்த உரிமையும் இல்லையா, திரைச்சீலை நிறம் உன் இஷ்டம், டிவி உன் இஷ்டம், குழம்பில் உப்பு உன் இஷ்டம், ஒரு மேளம் என் இஷ்டமாக இருக்கக் கூடாதா என்று ஒரு முழுப் பிரசங்கம் தயார். அவள் ஒன்றும் எதிர்க்கவில்லை.

“அவர் ஆசைப்படறார், போடட்டும் தம்பி. ஆனா ஒண்ணுங்க. எனக்குத் தலைவலி வந்தாலும் வரும். அதனால போடறது உங்க இஷ்டம், நிறுத்தறது என் இஷ்டம். சரியா?”

“ஓ, தாராளமா!” என்றேன். நிறுத்துகிற உரிமையை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்? அதற்குள் ஆட்டமே முடிந்திருக்கும். ஸ்பீக்கரைத் தன் கைக்கு எட்டுகிற மாதிரி பக்கத்து ஸ்டூலில் நகர்த்தி வைத்துக்கொண்டாள். வைத்துக்கொள்ளட்டும், பாவம்.

ஆட்டம் ஆரம்பித்தது. ஆகா! நான் என்ன சொல்ல! மைத்துனன் குறி பார்த்தான். டம்! ஸ்ட்ரைக்கர் எங்கள் காயைத் தள்ளிக் குழியில் போட்டது. “நன்றி மாப்பிள்ளை” என்றேன். அவள் குறி பார்த்தாள். டம்! ஸ்ட்ரைக்கர் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அவளிடமே திரும்பி வந்தது. டாக்டர் சொத்தைப் பல்லைப் பிடுங்குகிற நிதானத்தோடு சிவப்பைப் போட்டு, அதைக் காப்பாற்ற ஃபாலோவாக ஒரு வெள்ளையும் போட்டார். என் முறை வந்தால் டக்கு, டக்கு, டக்கு, டம். விழுந்தது. மறுபடி டம். மறுபடி விழுந்தது.

“மாமா, எங்க கத்துக்கிட்டீங்க?”

“பிறவியிலேயே இருந்ததுடா. உங்க அக்கா வெளிய வர விடல.”

கடைசியில் எங்களுக்கு ஒரே ஒரு வெள்ளை பாக்கி. அதுவும் குழி வாசலில் ஒற்றைக் காலில் நின்றது. ஊதினால் விழும். அவர்களுக்கு நாலு கறுப்பு. என் முறை. வெற்றி தலைக்கேறினால் நாக்குக்குத்தான் முதலில் கொம்பு முளைக்கும்.

“பந்தயத்துல எதுக்கு ஒரு மாசம்?” என்றேன் மீசையைத் தடவிக்கொண்டு. “ஆயுசுக்கும் வெச்சுக்கலாமா?”

அவள் முகம் வாடியது. “வேணாங்க. பேசினது ஒரு மாசம்தானே?”

“பயமா?”

“பயம்தான். இனிமே நான் தனியா எல்லாத்தையும் எப்படி உரிப்பேன்?”

அந்தக் குரல் இருக்கிறதே, கேட்பவன் நெஞ்சு உருகும். எனக்கு உருகவில்லை, குளிர்ந்தது. “ஆயுசுக்கும்! நான் ஜெயிச்சா இந்த ஜென்மத்துல உரிக்க மாட்டேன். தோத்தா இந்த ஜென்மம் பூரா உரிக்கிறேன். வாயைத் திறக்காம!”

“அண்ணா, நீங்களே சொல்லுங்க” என்று டாக்டரிடம் முறையிட்டாள்.

“தங்கச்சி, சரின்னுடும்மா. காய் குழி வாசல்ல நிக்குது. எப்படியும் ஒரு மாசமாவது போச்சு.”

“சரிங்க” என்றாள், உடைந்த குரலில். “தம்பி, நீ சாட்சி.”

ஸ்ட்ரைக்கரை வைத்தேன். விரலை மடக்கினேன். டக்கு... டக்கு... டக்கு...

க்ளிக்.

அமைதி. அப்படி ஒரு அமைதியை என் வீட்டில் நான் கேட்டதே இல்லை. மின்விசிறி மட்டும் மேலே முனகியது.

“தலைவலிங்க” என்றாள் அவள். “நீங்க ஆடுங்க.”

ஆடவா? விரல் ‘டம்’முக்காகக் காத்திருந்தது. ‘டம்’ வந்தால்தானே சுண்டும்! சுண்டு என்றேன் மனசுக்குள். விரல் கேட்கவில்லை. சம்பளம் வராத வேலைக்காரன் மாதிரி மடங்கியே கிடந்தது. மனசுக்குள்ளேயே மேளம் வாசித்துப் பார்த்தேன். டக்கு, டக்கு... இரண்டா, மூன்றா? எண்ணிக்கை விட்டுப்போயிற்று. நெற்றியிலிருந்து வியர்வை சொட்டிப் பவுடரில் விழுந்தது.

“மாமா, அடிக்கிறீங்களா, தியானம் பண்றீங்களா?”

“பேசாம இருடா!”

“டக்கு டக்குன்னு முணுமுணுக்கிறீங்களே, மந்திரமா?”

அந்த நேரம் பார்த்து என் உயிர் நண்பர், என் ஜோடி, என் பக்கத்து ஆள் பல் டாக்டர் தொண்டையைக் கனைத்தார். க்ஹம்! பாழாய்ப்போன விரல் அதையே ‘டம்’ என்று எடுத்துக்கொண்டது. ஸ்ட்ரைக்கர் பறந்தது. வெள்ளைக் காயை ஏறிட்டும் பார்க்காமல் நேராக எதிர்க் குழிக்குள் போய் விழுந்தது. அபராதமாக ஏற்கெனவே போட்ட காய் ஒன்று வெளியே வந்து உட்கார்ந்தது.

அடுத்து அவள் முறை. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். ஒன்று. இரண்டு. மூன்று. நாலாவது காய்க்கு அவள் குறிகூடப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டே போட்டாள்.

“உனக்கு... முன்னாடியே தெரியுமா?” என்றேன்.

“உள்ள நீங்க டக்கு டக்கு டக்கு டம்னு முணுமுணுக்கிறதும், கூடவே டொக்குன்னு காய் அடிக்கிறதும் தினமும் கேட்டா தெரியாதா? சரியான்னு பாக்கத்தான் மூடியைத் தட்டினேன். நீங்க காப்பியைக் கொட்டினீங்க.” தம்பியைப் பார்த்துச் சிரித்தாள். “எங்க வகுப்புல ஒரு பிள்ளையை மணிக்குப் பழக்க எனக்கு ஒரு மாசம் ஆகும்டா. உங்க மாமா தன்னைத் தானே பழக்கிக்கிட்டு வந்து நிக்கறார்!”

டாக்டர் கனைப்புக்கு மன்னிப்புக் கேட்டார். பல் வலி வந்தால் இலவசமாகப் பிடுங்குவதாகவும் சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை. பந்தயம் அப்படி.

அடுத்த ஞாயிறு காலை நாற்காலியில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அவள் என் மடியில் ஒரு முறத்தை வைத்தாள். முறம் நிறையப் பட்டாணி. பக்கத்தில் ஒரு கிண்ணம். மெதுவாக உரிக்கலாம், சாயங்காலம் வரை இழுக்கலாம், சலித்துப்போய் அவளே பிடுங்கிக்கொள்வாள் என்று கணக்குப் போட்டேன். வாய்தானே திறக்கக் கூடாது? சோம்பேறித்தனத்துக்குத் தடை இல்லையே!

அவள் என் போனை எடுத்து அழுத்தினாள், ஸ்டூலில் இருந்த ஸ்பீக்கர் உயிர் பெற்றது. டக்கு, டக்கு, டக்கு... டம்! என் விரல் சுண்டியது. பட்டாணி கிண்ணத்தில் விழுந்தது. டம்! விழுந்தது. டம்! விழுந்தது. ஒன்றுகூடத் தரையில் சிந்தவில்லை. இவ்வளவு நேர்த்தியாக உலகத்தில் எவனும் பட்டாணி உரித்திருக்க மாட்டான். பேப்பர் எப்போது கீழே விழுந்தது என்றே தெரியவில்லை.

நிறுத்துகிற உரிமை அவளுடையது. போடுகிற உரிமையாவது என்னுடையது அல்லவா? அதை மெல்ல நினைவுபடுத்தலாம் என்று பந்தயத்தையும் மறந்து வாயைத் திறந்தேன்.

“ஏம்மா, பாட்டு போடறது என் இஷ்டம்னுதானே பேச்சு? கொஞ்சம் மெதுவா ஏதாவது போடலாமே. அந்தப் புல்லாங்குழல்...”

“மெதுவாவா?” என்றாள் அவள், இன்னொரு பையை முறத்தில் கவிழ்த்துக்கொண்டே. “இன்னும் மூணு கிலோ இருக்குங்க.”