தாய்மாமன் நெஞ்சு

இரண்டு கையும் தலைக்கு மேலே, முகம் முழுக்கப் பனியனுக்குள்ளே. குளியலறையில் ஹேமநாதன் அப்படியே மாட்டிக்கொண்டு நின்றான். மார்பை அமுக்கிச் சப்பையாக்கிவிடும் என்று ஆன்லைனில் வாங்கிய இறுக்குப் பனியன், கீழே இறங்கவும் மாட்டேன் என்றது, மேலே ஏறவும் மாட்டேன் என்றது. வேறு வழியில்லாமல் மனைவி தாட்சாயிணியைக் கூப்பிட்டான். அவள் கத்தரிக்கோலோடு வந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு, பனியனை நட்டநடுவில் வெட்டி அவனை வெளியே எடுத்தாள்.

"இப்பவாவது இன்னா விஷயம்னு சொல்லுங்க" என்றாள்.

விஷயம் இதுதான். அவன் அக்கா கலைவாணியின் பெண் குழந்தை அகல்யாவுக்குத் திருவேற்காட்டில் ஒரு அம்மன் கோயிலில் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். அதில் ஹேமநாதனுக்குப் பெருமைதான். ஆனால் அக்கா போனில் இன்னொன்றும் சொல்லியிருந்தாள். அந்தக் கோயிலில் மாமன் சட்டை இல்லாமல் வேட்டியோடுதான் உட்கார வேண்டுமாம். அது அங்கே சட்டமாம்.

பள்ளிக்கூட நாளிலிருந்தே அவனுக்கு மார்பு கொஞ்சம் முன்னே தள்ளியிருக்கும். பையன்கள் வைத்த பட்டப்பெயரை மனைவியிடம்கூட அவன் சொன்னதில்லை. கடலில் இறங்கினாலும் சட்டையோடுதான் இறங்குவான். அம்பத்தூரில் ஆபீஸ் விட்டு வரும்போது மழை பிடித்துக்கொண்டால், லேப்டாப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடப்பான். லேப்டாப் மேல் எவ்வளவு அக்கறை என்று மேனேஜரே மெச்சியிருக்கிறார்.

காதுகுத்துக்குள் இதைக் கரைத்துவிடுவது என்று முதலில் சோற்றை நிறுத்தினான். தொப்பை போயிற்று, கன்னம் போயிற்று. மார்பு மட்டும் போகவில்லை. அதை மறைத்துக்கொண்டிருந்த தொப்பையும் போனதால், இப்போது அது இன்னும் எடுப்பாகத் தெரிந்தது. சரி என்று தண்டால் எடுத்தான். அடியில் தசை ஏறி, மேலே இருந்ததைப் பின்னாலிருந்து முட்டுக்கொடுத்து நிறுத்தியது.

இதற்கு நடுவில் அக்கா வேறு. கோவில்பதாகையிலிருந்து வாரம் தவறாமல் டிபன் கேரியரோடு வந்துவிடுவாள். ஒரு அடுக்கில் நெய் மைசூர்பாகு, ஒரு அடுக்கில் ஆட்டுக்கால் பாயா.

"ஏன்டா இப்டி எலச்சிகினே போற? காதுகுத்து முடியட்டும்டா, அப்பால எவ்ளோ வேணா எலச்சிக்கோ" என்று கெஞ்சாத குறையாகச் சொல்வாள். அக்காவின் பாசத்தை நினைத்து அவன் உருகிப்போய், ஒரு மைசூர்பாகு கூடுதலாகவே தின்றுவிடுவான்.

பாவம், அவளுக்கும் கவலை இருந்தது. அகல்யா சாதாரணமாக அழுகிற குழந்தை இல்லை. நகைக்கடையில் ஒரு தடவை காது குத்தப் போனபோது, அழுத அழுகையில் மூச்சடைத்து உதடெல்லாம் நீலம் பாரித்துவிட்டது. குத்த வந்தவர் கருவியைக் கீழே போட்டுவிட்டார். அன்றிலிருந்து அக்காவின் மாமியார் வனஜா, இந்தப் பேச்சை எடுத்தாலே தண்ணீர்ச் சொம்பைத் தேட ஆரம்பித்துவிடுவாள். அப்பேர்ப்பட்ட குழந்தை ஹேமநாதன் தூக்கினால் மட்டும் தூங்கிவிடும். தான் மெதுவாக ராகம் இழுப்பதுதான் காரணம் என்று அவன் நம்பியிருந்தான்.

பனியன் வெட்டிய மறுநாளே, திருமுல்லைவாயில் ஸ்டேஷன் பக்கத்தில் இருந்த டாக்டர் நிவேதிதாவிடம் தாட்சாயிணி அவனைத் தள்ளிக்கொண்டு போனாள். டாக்டர் அவனை மல்லாக்கப் படுக்க வைத்து, கைகளைத் தலைக்குப் பின்னால் வைக்கச் சொன்னார். பிறகு ஒவ்வொரு மார்பையும் இரண்டு விரலால் ஓரங்களில் பிடித்து, விரல்களைக் காம்பை நோக்கி மெல்லக் கொண்டுவந்தார். வலது பக்கம் விரல்கள் எதிலும் தட்டாமல் ஒன்று சேர்ந்தன. இடது பக்கம் காம்புக்கு நேர் அடியில் எதிலோ தட்டி நின்றன.

"நீங்களே தொட்டுப் பாருங்க."

தொட்டான். கேரம் காய் மாதிரி வட்டமாக, ரப்பர் மாதிரி கெட்டியாக ஒன்று விரலுக்கடியில் நழுவியது. அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"வலது பக்கம் வெறும் கொழுப்பு. எளைச்சா கரையும், பாதி கரைஞ்சும் போச்சு. இடது பக்கம் இருக்கறது மார்புச் சுரப்பி. பட்டினி கிடந்தாலும் தண்டால் எடுத்தாலும் அது போகாது."

"ஆம்பளைக்கு எப்படி டாக்டர்?"

"எல்லா ஆம்பளைக்கும் உண்டு. அம்மா வயித்துல ஆணுக்கும் பெண்ணுக்கும் இது ஒரே மாதிரிதான் தொடங்குது. வயசுக்கு வர்றப்ப நிறைய பையன்களுக்குக் கொஞ்சம் வளர்ந்து, தானா அமுங்கிடும். உங்களுக்கு ஒரு பக்கம் தங்கிடுச்சு."

சாப்பிடும் மாத்திரைகளை விசாரித்தார், ரத்தம் சோதித்தார், பயம் ஒன்றுமில்லை என்றார். கல்லாக இறுகினாலோ, காம்பில் நீர், ரத்தம் வந்தாலோ உடனே வரச் சொன்னார். ரொம்ப உறுத்தினால் ஆபரேஷன் உண்டு, ஆனால் காதுகுத்துக்குள் புண் ஆறாது.

ஹேமநாதன் பிரமை பிடித்தவன் போல வெளியே வந்தான். இத்தனை வருஷம் கொழுப்பு என்று அவன் திட்டித் தீர்த்தது, அவன் ஆணா பெண்ணா என்று உடம்புக்கே தெரியாத நாளில் முளைத்ததாம். பிளாட்பாரத்தில் நின்ற முறுக்கு மீசைப் போலீஸ்காரரைப் பார்த்தான். மூட்டை தூக்குகிறவரைப் பார்த்தான். ஒவ்வொரு சட்டைக்குள்ளும் அது சத்தமில்லாமல் இருக்கிறது என்று நினைக்க நினைக்க மலைப்பாக இருந்தது.

மலைப்பு மலைப்பாக இருக்க, காதுகுத்து நாளும் வந்துவிட்டது. இப்போது நிலைமை முன்னைவிட மோசம். வலது பக்கம் வற்றிவிட்டது, இடது பக்கம் அப்படியே நின்றது. பட்டுச் சட்டையோடு உட்கார்ந்து ஒப்பேற்றிவிடலாம் என்று பார்த்தான்.

"சட்டய கய்ட்டு அண்ணாத்தே. கோயில் சட்டம்" என்றார் காது குத்தும் பத்தர் சுப்பராயன்.

கழற்றினான். யார் முகத்தையும் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டான். குழந்தையை மடியில் வைத்தார்கள். வனஜா தண்ணீர்ச் சொம்போடு தயாராக நின்றாள், அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். பத்தரின் கையில் ஊசியைப் பார்த்ததும் அகல்யா வாயைப் பெரிதாகத் திறந்தாள். திறந்தவள், அப்படியே சரிந்து அவன் இடது மார்பில் கன்னத்தை வைத்தாள். வாய் மூடியது, கண்ணும் மூடியது.

ஊசி இறங்கியது. குழந்தை உதட்டை ஒரு தரம் சப்புக்கொட்டியதோடு சரி. அடுத்த காதுக்காக வலது பக்கம் மாற்றினான். உடனே முகம் கோணியது. அவசரமாகப் பழைய இடத்திலேயே முகத்தை மட்டும் திருப்பிப் படுக்க வைத்தான். இரண்டாவது காதும் தூக்கத்திலேயே முடிந்தது.

வனஜா சொம்பை வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள். ஹேமநாதன் குனிந்து பார்த்தான். அளவெடுத்தது போல அந்தச் சின்னக் கன்னம் அங்கே பொருந்தியிருந்தது. அவன் ராகமே இழுக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கண் நிறைந்துவிட்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தினான். பக்கத்துத் தூணருகே இன்னொரு காதுகுத்து. அந்தத் தாய்மாமன் முழுக்கைச் சட்டையோடு, மேல் பொத்தான்வரை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"இன்னா பத்தரே, அவரு சட்டையோட கீறாரு? கோயில் சட்டம்னீங்க."

சுப்பராயன் ஊசியைத் துடைத்துக்கொண்டே, குழந்தை எழுந்துவிடாதபடி தாழ்ந்த குரலில் சொன்னார்:

"அப்டி ஒரு சட்டமே இங்க கெடையாது அண்ணாத்தே. உங்க அக்காதான் முந்தியே வந்து, 'எந்தம்பி நெஞ்சுல படுத்தாத்தான் கொயந்த அழாது, அவன் கூச்சப்படுவான், நீ கோயில் சட்டம்னு சொல்லி எப்டியாவது சட்டய கய்ட்ட வெச்சிடு'ன்னு சொல்லிட்டுப் போச்சு."