காலண்டர் அவளுக்கு, கடிகாரம் எனக்கு

அன்பும் மரியாதையும், அவற்றைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பயமும் நான் வைத்திருக்கும் அக்காவுக்குத் தம்பி எழுதிக்கொள்வது.

இங்கே நாங்கள் இருவரும் நலம். நலமில்லாத பாகங்களைப் பற்றிக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன். அங்கே நீயும், அத்தானும், அத்தானின் புதுப் பல்செட்டும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பக்கத்துக்கு ஏழு வரிதான் இருக்கிறதே என்று கோபித்துக்கொள்ளாதே. இதைவிடச் சின்னதாக எழுதினால் உனக்குத் தெரியும், எழுதுகிற எனக்குத் தெரியாது.

உன் கடிதம் கிடைத்தது. "கண்புரை ஆபரேஷனுக்கு ரெண்டு தடவை நாள் குறிச்சு ரெண்டு தடவையும் கோட்டை விட்டாச்சு. மூணாவதும் தவறிச்சுன்னா வீட்டைப் பூட்டிட்டு ரெண்டு பேரும் என் வீட்டு மாடி அறைக்கு வந்துடணும்" என்று எழுதியிருந்தாய். நல்ல அறைதான், நல்ல காற்று, பெரிய ஜன்னல். அதற்கு நேர் கீழே நீ இருக்கிறாய் என்பது ஒன்றுதான் குறை. விளையாட்டுக்குச் சொல்கிறேன், அத்தானிடம் படித்துக் காட்டாதே. ஆனால் அக்கா, முப்பது வருஷமாக இருக்கிற வீடு இது. இருட்டில் எழுந்தாலும் எந்த நாற்காலியில் இடித்துக்கொள்வேன் என்று எனக்குத் தெரியும். உன் வீட்டு நாற்காலிகளை இந்த வயதில் புதிதாகப் பழக வேண்டும். அதனால்தான் சொல்கிறேன், நாங்கள் நன்றாகவே சமாளிக்கிறோம். அதை நிரூபிக்கத்தான் இந்தக் கடிதம்.

இன்றைக்குத்தான் அந்த மூன்றாவது தேதி. பதினோரு மணிக்குக் கண் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். டாக்ஸிக்காரர் பத்தரைக்கு வருவார். நான் குளித்து, சட்டை மாட்டி, செருப்புகூடப் போட்டாகிவிட்டது. சுவர்க் கடிகாரத்தில் இப்போது ஒன்பது இருபது. நேரம் நிறைய இருக்கிறது.

முதல் இரண்டு தடவை நடந்ததை நம் கீழ்வீட்டு ரேடியோ உனக்கு ஒலிபரப்பியிருப்பாள். (பெட்டி இல்லை, அந்த அம்மாளுக்கு நான் வைத்த பெயர்.) அவள் சொல்வதில் பாதிதான் உண்மை. முதல் தடவை மூன்றாம் மாடிக்குப் பதில் லிஃப்டிலிருந்து இரண்டாம் மாடியில் இறங்கிவிட்டேன். பலகையைப் படித்திருக்கலாமே என்பாய். பலகையைப் படிக்க முடிந்தால் நான் எதற்குக் கண் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன்? உள்ளே ஒரு டாக்டர் நாற்காலியில் சாய்த்து, "பெரிசா வாயைத் திறங்க" என்றார். ஏதோ நவீன முறை, வாய் வழியாகக் கண்ணைப் பார்ப்பார்கள் போல என்று நானும் திறந்தேன். பல்லெல்லாம் சுத்தம் செய்து அனுப்பிவிட்டார். இரண்டாவது தடவை, மூன்று நாள் முன்கூட்டியே வலது கண்ணில் சொட்டு மருந்து விடச் சொல்லியிருந்தார்கள். கண்ணாடி முன்னால் நின்று, எதிரே நிற்கிற கிழவரின் வலது கண்ணைக் குறிபார்த்துத் தவறாமல் விட்டேன். அவருக்கு வலது என்றால் எனக்கு இடது என்று ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா சொன்ன பிறகுதான் புரிந்தது.

அதற்குப் பிறகு நாங்கள் திருந்திவிட்டோம். வேலையைப் பிரித்துக்கொண்டோம். காலண்டர் அவள் பொறுப்பு, கடிகாரம் என் பொறுப்பு. தேதிகளையெல்லாம் உன் தம்பி பெண்டாட்டி எழுதிவைப்பாள். கிளம்புகிற நேரம் என் கையில். மில் டைம் ஆபீஸில் முப்பத்திரண்டு வருஷம் உட்கார்ந்து, யார் யார் எத்தனை நிமிஷம் லேட் என்று எழுதினவனிடம் நேரத்தைக் கொடுக்காமல் வேறு யாரிடம் கொடுப்பது? கைபேசித் திரையில் எனக்குத் தெரிவதெல்லாம் பனிமூட்டம்தான். சுவர்க் கடிகாரத்தின் முட்கள் மட்டும் நன்றாகத் தெரிகின்றன.

இன்னொரு ஏற்பாடும் உண்டு. டாக்டர் முன்னால் எவனும் தன்னைப் பற்றி உண்மை சொல்வதில்லை. அதனால் என் டாக்டரிடம் அவள் பேசுவாள், அவள் டாக்டரிடம் நான் பேசுவேன். சர்க்கரை டாக்டர் என்னிடம், "தினமும் நடக்கறீங்களா?" என்றால், நான் வாயைத் திறப்பதற்குள் அவள், "நடக்கிறார் டாக்டர், கேட் வரைக்கும். அதுவும் பேப்பர் எடுக்க" என்பாள். அவளுடைய முட்டிக்குப் பயிற்சி கொடுக்கிற பிசியோதெரபிக்காரர், "வீட்ல பயிற்சி செய்றீங்களாம்மா?" என்றால், "செய்றா தம்பி, சோபாவில படுத்துக்கிட்டு, மனசுக்குள்ள" என்று நான் சொல்வேன். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் பேச்சு இருக்காது. ஆனால் வைத்தியம் சரியாக நடக்கும்.

போன செவ்வாய்க்கிழமை அவள் முட்டிக்கும் என் சர்க்கரைக்கும் ஒரே நேரத்தில் அழைத்துவிட்டார்கள். ஒன்று ஊருக்கு இந்தக் கோடி, ஒன்று அந்தக் கோடி. பதறவில்லை. "நீ அங்கே போ, நான் இங்கே போறேன்" என்று ஆளுக்கொரு ஃபைலைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டோம். பிசியோதெரபிக்காரர் என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் பார்த்தார்.

"அம்மா எங்க சார்?"

"சர்க்கரை டாக்டர்கிட்ட போயிருக்கா."

"அவங்களுக்கு சர்க்கரையா?"

"இல்லப்பா, எனக்கு."

"அப்போ அவங்க முட்டி?"

"முட்டியும் அவளோடதான் போயிருக்கு. என்ன வலின்னு கேளுங்க, நான் சொல்றேன்."

அவர் என் கையிலிருந்த அவள் ஃபைலை வாங்கிப் புரட்டினார். வேறு நோயாளி இல்லை போலிருக்கிறது, "வந்ததுதான் வந்தீங்க, படுங்க" என்று என்னைப் படுக்கப்போட்டு அவளுடைய பயிற்சி அத்தனையையும் எனக்குச் செய்துவிட்டார். இரண்டு நாள் தொடையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். மூன்றாம் நாளிலிருந்து, வெளியே சொல்லாதே, மாடிப்படி சுலபமாக இருக்கிறது.

அந்தப் பக்கம் சர்க்கரை டாக்டர், என் சர்க்கரையைப் பற்றி இவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, சும்மா அனுப்ப வேண்டாமே என்று இவளுக்கே பிரஷர் பார்த்திருக்கிறார். கொஞ்சம் கூடுதல். தினமும் வீட்டிலேயே மெஷினில் பார்த்து எழுதிவைக்கச் சொல்லிவிட்டார். பார், இரண்டு பேரும் ஒழுங்காக அவரவர் டாக்டரிடம் போயிருந்தால் இது தெரிந்தே இருக்காது.

கடிகாரத்தைப் பார்த்தேன். இன்னும் ஒன்பது இருபதுதான். இவ்வளவு எழுதியும் நேரம் ஓடவில்லை. திட்டமிட்டு வாழ்கிறவனுக்கு நேரம் கட்டுப்பட்டு நிற்கிறது என்பது சும்மாவா?

அந்தப் பிரஷர் மெஷினுக்கு நான்கு பேட்டரி வேண்டும். இன்று காலை எல்லாம் தீர்ந்துபோயிருந்தது. டார்ச்சைப் பிரித்து இரண்டு, பழைய டிரான்சிஸ்டரிலிருந்து ஒன்று எடுத்தாள். நான்காவதை நாற்காலி மேல் ஏறி எங்கிருந்தோ கொண்டு வந்தாள். கெட்டிக்காரி. எங்கிருந்து என்று நான் கேட்கவில்லை. இப்போது கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே படுத்திருக்கிறாள். மெஷினை மாட்டுவதற்கு முன்னால் பத்து நிமிஷம் யாரும் பேசக் கூடாதாம். கைபேசியின் வாயையும் அடைத்துவிட்டாள். மெதுவாகக் குறட்டை கேட்கிறது. பிரஷர் நன்றாக இறங்கியிருக்கும்.

தெருவில் யாரோ ஒரு டிரைவர் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறான். எந்த வீட்டிலோ கிளம்பத் தாமதம். நேரத்தின் அருமை தெரியாத ஜனங்கள், அக்கா. இதையெல்லாம் பார்க்கும்போதுதான் நாங்கள் எவ்வளவோ தேவலை என்று தோன்றுகிறது. ஆகவே மாடி அறையில் அத்தானின் பழைய பேப்பர் கட்டுகளே இருக்கட்டும். அவற்றை எங்களுக்காக இறக்கி அவர் இடுப்பைப் பிடித்துக்கொள்ள வேண்டாம்.

அத்தானுக்கு என் வணக்கம். உன் காலில் விழுந்ததாக வைத்துக்கொள். நேரில் விழுந்தால் தூக்கிவிட இரண்டு ஆள் வேண்டும். நீ நீண்ட காலம் இதே குரலோடு எங்களை மிரட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்று வேண்டுகிற,

உன் தம்பி

பின்குறிப்பு: ஐயோ அக்கா! கதவை உடைக்கிற மாதிரி தட்டினது டாக்ஸிக்காரர். "பத்தரையிலேருந்து ஹாரன் அடிக்கிறேன் ஐயா, கீழ்வீட்டம்மா காதைப் பொத்திக்கிட்டு உள்ள போயிட்டாங்க. இப்ப பதினொண்ணு நாப்பது!" என்கிறார். சுவரைப் பார்த்தேன். ஒன்பது இருபது. நாற்காலியைப் பார்த்தேன். நேராகக் கடிகாரத்துக்குக் கீழே இருக்கிறது. நாலாவது பேட்டரி எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறது. மேலே எழுதியதில் எங்கெல்லாம் 'சமாளிக்கிறோம்' என்று இருக்கிறதோ, அதையெல்லாம் அடித்துவிட்டுப் படி. பேப்பர் கட்டுகளை இறக்கச் சொல்.

இன்னொரு பின்குறிப்பு: அண்ணி, இது நான். கண் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். டாக்ஸியில் வரும்போது உங்க தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைச்சுக்கிட்டே வந்தார். கேட்டா, சொட்டு மருந்தாம். கவுன்டர் பொண்ணுகிட்ட போய், "லேட்டாயிடுச்சும்மா, மன்னிச்சுக்கோ"ன்னு சீட்டைக் கொடுத்தேன். அது சீட்டைப் பார்த்துச் சிரிக்குது. "ஆபரேஷன் நாளைக்கும்மா. இவ்வளவு சீக்கிரமா யாரும் வந்து நான் பார்த்ததில்லை" என்கிறது. அப்பதான் எனக்கு ஞாபகம் வந்துச்சு. இவரை நம்பக் கூடாதுன்னு நான்தான் காலண்டர்ல ஒரு நாள் முன்னாடியே தேதியைக் குறிச்சேன். அப்புறம் குறிச்சதை மறந்து நானும் நம்பிட்டேன். இதைக் கேட்டதும் உங்க தம்பிக்கு உயிர் வந்துடுச்சு. "எங்க குடும்பத்துல எப்பவும் ஒரு நாள் முன்னாடியே வந்துடுவோம்"னு அந்தப் பொண்ணுகிட்ட அளந்துக்கிட்டிருக்கார்.

ஆக அண்ணி, உங்க நிபந்தனைப்படி நாங்க இன்னும் தோற்கலை. பேப்பர் கட்டுகளை நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் தொட வேண்டாம்னு அண்ணன்கிட்ட சொல்லுங்க. போற வழியில ஒரு பேட்டரி வாங்கணும். மறக்காம இருக்க அதை உங்க தம்பிகிட்ட சொல்லியிருக்கேன்.