பாஸ்கலுக்கு விழுந்த ஓட்டு

“இந்த பாஸ்கலை இந்த வருஷத்தோட தலைமுழுகிட்டு பைத்தான் கொண்டு வரணும், அகாய். இப்ப யாரு அதுல நிரல் எழுதறாங்க?”

கணினி ஆசிரியை சய்ரகுல் ‘அகாய்’ என்று மரியாதையாகத்தான் அழைத்தாள். ஆனால் பழைய பாடப்புத்தகத்தை மேசைமேல் போட்ட வேகத்தில் தலைமை ஆசிரியர் டோக்டோசுனின் தேநீர்க் கோப்பை ஆடியது. நாரின் மலைப்பக்கத்துப் பள்ளிக்கு வந்த நாளிலிருந்து அவள் அந்த மொழியோடுதான் மாரடித்துக்கொண்டிருந்தாள். அதைப் படித்த பிள்ளைகள் நகரத்துக் கல்லூரியில் போய் முழிக்கிறார்கள் என்ற எரிச்சல் வேறு.

“பைத்தான், பாஸ்கல் ரெண்டுல எதுக்கு வயசு அதிகம்?” என்றார் அவர்.

“பாஸ்கலுக்கு.”

“அப்ப அதுக்குத்தானே மேல் இடம்?”

“இது வயசுப்படி உக்கார வைக்கிற விருந்துப் பந்தி இல்ல, அகாய்.”

அவர் நிதானமாக ரொட்டியைப் பிய்த்தார். “என் தங்கச்சி மகன்கூட பிஷ்கெக்ல பைத்தான்தான் படிச்சான். சான்றிதழ் வாங்கிட்டு வந்து வீட்டுல குதிரைப்பால் குடிச்சிட்டு உக்காந்திருக்கான்.” சொல்லிவிட்டு எதையோ யோசித்தார். “சரி, மாத்திடலாம். பெத்தவங்களை ஒரு வார்த்தை கேட்டுக்கோ.”

கேட்டதுதான் வினையாகிப்போனது.

“என் பையன் மாஸ்கோவுக்குப் போறவன். ருஷ்யக்காரன் மொழி ஏதாவது குடுங்க” என்றார் ஒருவர். கொரியாவில் எதில் எழுதுகிறார்கள் என்றாள் ஒருத்தி. ஆட்டு வியாபாரி ஒருவர், “சம்பளம் வாங்கறீங்கல்ல, எல்லாத்தையும் சேத்தே சொல்லிக் குடுங்களேன்” என்றார்.

சய்ரகுலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “ஆட்டையும் குதிரையையும் யாக் மாட்டையும் ஒண்ணா ஓட்டிட்டுப் போய்க் காட்டுங்க, நானும் சொல்லித் தரேன்.”

அதற்கப்புறம் யார் பேசினார்கள், யார் கேட்டார்கள் என்றே தெரியவில்லை.

சண்டை தீரட்டும் என்று கைப்பேசியில் ஓட்டெடுப்பு வைத்தாள். மறுநாள் காலை பாஸ்கல் அமோகமாக ஜெயித்திருந்தது. அந்த ஊரில் அத்தனை ஆட்களே கிடையாது. ஆடுகளையும் சேர்த்தால் கணக்கு சரியாக வரலாம்.

டோக்டோசுனின் முகம் தொங்கிப்போயிருந்தது. “மாவட்ட அலுவலகத்துலயும் முடிவைப் பாத்துட்டாங்கம்மா. இனிமே நான் என்ன பண்றது?”

பாஸ்கல் ஜெயித்த சந்தோஷத்தை மறைத்து மனுஷன் என்னமா நடிக்கிறார் என்று உள்ளுக்குள் திட்டிக்கொண்டே அவள் ஒன்பதாம் வகுப்புக்குள் புகுந்தாள். இத்தனை ஓட்டைப் போடுகிற கெட்டிக்காரத்தனம் ஊரில் அங்கேதான் இருந்தது. இந்த வகுப்புக்குத்தான் பள்ளி முடிந்த பிறகும் இருந்து, சொந்த மடிக்கணினியில் பைத்தான் சொல்லிக்கொடுத்தவள் அவள்.

“கள்ள ஓட்டுப் போட்டது யாருன்னு இப்பவே தெரியணும். உங்களுக்காக ஊரோட சண்டை போட்டேனே, எனக்கு நல்லா வேணும். இன்னிக்கே ராஜினாமா எழுதிக் குடுத்துட்டுப் போறேன்.”

கடைசி பெஞ்சிலிருந்து தலைமை ஆசிரியரின் மகள் ஜிபெக் மெல்ல எழுந்தாள்.

“பைத்தான் வந்தா எங்க அத்தை மகனை வாத்தியாராப் போட்டுட்டு உங்களை அனுப்பிடலாம்னு அப்பா வீட்டுல பேசிட்டிருந்தாரு, எஜேகே. அதான் நீங்க சொல்லிக் குடுத்த பைத்தான்லயே நிரல் எழுதி, பாஸ்கலுக்கு ஓட்டுப் போட்டோம்.”