ஞாயிற்றுக்கிழமை வந்து லின்சியை அழைத்துப் போகவும்

திருத்துறைப்பூண்டி,
வியாழக்கிழமை.

அன்பும் பொறுமையும் நிறைந்த மச்சான் ஜோஸ்வா அவர்களுக்கும் தங்கச்சிக்கும், அத்தான் லூர்துராஜ் எழுதிக்கொள்வது.

வேளாங்கண்ணி மாதா தயவில் இங்கு அனைவரும் சௌக்கியம், என் இடது முழங்கால் நீங்கலாக. தஞ்சாவூரில் உங்கள் இருவரின் சுகத்துக்கும் ஜெபமாலையில் மறக்காமல் வேண்டிக்கொள்கிறோம். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பீர்கள். நான் ‘ஹலோ’ என்றதும் உங்கள் அக்காள் எல்சி போனைப் பிடுங்கிக்கொள்கிறாள். என் பங்குக்கு ‘வச்சிடட்டுமா’ மட்டும்தான் மிஞ்சுகிறது. ஆகையால் கடிதம்.

பேத்தி லின்சியை உங்கள் வீட்டில் வைத்துக்கொண்டு ஒன்பதாவதிலிருந்து நல்ல பள்ளிக்கூடத்தில் படிக்க வைப்பதாகச் சொன்னீர்கள் அல்லவா, அதற்கு எனக்குப் பூரண சம்மதம். இங்கே பள்ளிக்கூடம் திறந்து ஒரு வாரம்தான் ஆகிறது, அங்கே இன்னும் சேர்த்துக்கொள்வார்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் வந்து அழைத்துப் போகவும்.

இந்த முடிவுக்கு நான் சும்மா வரவில்லை. ஓய்வு பெற்ற ஒயர்மேன் ஒருவனும் அவன் மனைவியும் என்று இரண்டே பேர் இருந்த வீடு இது. போன வருஷம் மகள் அருள்செல்வி பிள்ளைகள் இரண்டையும் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள். திருப்பூருக்கு வேலைக்குப் போன மருமகன் அங்கே வேறு குடும்பம் வைத்துக்கொண்டது உங்களுக்குத் தெரியும், அவரைப் பற்றி எழுதினால் மை வீண். வந்த பிள்ளைகள் தங்கமானவர்கள், ஆனால் தங்கமும் சாப்பிடுகிறது. சிலிண்டர் வந்த வேகத்தில் தீர்கிறது. ஊருக்கெல்லாம் கரண்டு கொடுத்தவன் சொந்த வீட்டு பில்லைப் பார்த்து ஃபேனை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். மீன் வாங்கினால் தலை எனக்கு என்பது கல்யாணமான நாள் முதல் இந்த வீட்டுச் சட்டம். இப்போது தலை சின்னவன் ரெஜினுக்கு, வால் எனக்கு. ஏன் என்று கேட்டால், “வளர்ற புள்ளைங்க. நீங்க இனிமே எங்க வளரப் போறீங்க?” என்கிறாள் உங்கள் அக்காள்.

பென்ஷன்காரன் கார்டில் பேர் இருந்தால் அருள்செல்விக்கு எந்த உதவியும் வராது, தனி ரேஷன் கார்டு வாங்கிவிடுங்கள் என்று நாலு பேர் சொன்னார்கள். தனிக் கார்டு என்றால் தனிச் சமையல் இருக்க வேண்டும், அதை நேரில் வந்து பார்ப்பார்களாம். கொல்லையில் காலியாகக் கிடந்த மாட்டுக் கொட்டகையைக் கழுவி, ஓர் அடுப்பை வைத்தோம். அதோடு விட்டிருக்கலாம். சண்டை இல்லாமல் யாராவது தனியாகப் பொங்குவார்களா, அதிகாரி நம்ப வேண்டாமா என்று எனக்குத் தோன்றிவிட்டது. உட்கார்ந்து ஆளுக்கு ஆள் வசனம் எழுதிக் கொடுத்து ஒத்திகையும் பார்த்தோம். குந்தவை என்று ஓர் அதிகாரி அம்மா வந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அருள்செல்வி, “எங்கப்பா மூஞ்சியில முழிக்கவே புடிக்கல மேடம்” என்று எழுதிக் கொடுத்தபடி சரியாகச் சொன்னாள். அடுத்தது உங்கள் அக்காள். “கட்டிக்கிட்டு வந்த நாள்லேருந்து இந்த மனுஷன் ஒரு நாள் கொழம்பு நல்லாருக்குன்னு சொன்னதில்ல மேடம்!” என்று ஆரம்பித்துவிட்டாள். இது நான் எழுதிய வசனமே இல்லை. சொல்லச் சொல்ல அவளுக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது, ஆச்சி அழுவதைப் பார்த்து ரெஜின் ஓவென்று கத்தினான், அதைப் பார்த்து அருள்செல்வியும் அழுதாள். அந்த அம்மா கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டார். “ஏங்கையா, பெத்த பொண்ண மாட்டுக் கொட்டாயில பொங்க வச்சிட்டு உங்களுக்கு எப்படிங்க சோறு எறங்குது?” நான் மகள் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்கும்வரை விடவில்லை. இரண்டு அடுப்புச் சாப்பாட்டையும் ஒன்றாக வைத்து எல்லோரையும் உட்காரவைத்துப் பரிமாறினார், தானும் சாப்பிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இனிமே நீங்க ஒரே குடும்பம், தனிக் கார்டு பேச்சே எடுக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இல்லாத சண்டையைப் போட்டு, வர வேண்டிய கார்டை இழந்தவன் இந்தத் தாலுகாவில் நான் ஒருவன்தான்.

வைத்த அடுப்பை எடுப்பானேன் என்று அருள்செல்வி அதில் இடியாப்பம் போட ஆரம்பித்தாள். குறுவை நடவு ஆட்கள் விடியற்காலையிலேயே கிளம்புகிறார்கள், அவர்களுக்கும் பஸ் ஸ்டாண்டு கடைகளுக்கும் கொடுக்கிறோம். கொண்டுபோய்க் கொடுப்பது யார்? நான்தான், மொபெட்டில். ஒயர்மேன் சார் என்று எழுந்து நின்ற ஊர், “சார், தேங்காப்பால் இன்னுங் கொஞ்சம்” என்கிறது. அவள் அடுப்படியில் நிற்கும்போது பிள்ளைகளை எழுப்பிக் குளிக்க வைத்து அனுப்ப நாங்கள் இரண்டு பேர் இருப்பதால்தான் அது நடக்கிறது. நோட்டுப் புத்தகம், செருப்பு, வேன் எல்லாம் அந்த வருமானத்தில் ஓடிவிடுகிறது. ஆனால் உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு எட்டாது. கெட்டிக்காரப் பிள்ளையை இடியாப்ப ஆவியில் நிறுத்திவைப்பது பாவம் என்று எனக்கே படுகிறது.

ஆகவே சில விவரங்கள். லின்சி புளிப்பு மாங்காய் இருந்தால் எந்தச் சோறும் சாப்பிடுவாள். கத்தரிக்காயைத் தட்டுக்கு அடியில் ஒளித்துவைப்பாள், பார்க்காத மாதிரி இருந்துவிடவும். இடி இடித்தால் யாராவது பக்கத்தில் உட்கார வேண்டும், பயம் என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது, கோபம் வரும். முறைப்படி உங்களைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவாள், நீங்கள் தலைக்கு மை அடித்திருப்பதற்காக அவள் மாற்றிக்கொள்ள முடியாது. பஸ் வரும் தெருவில் அவளைத் தனியாக விடாதீர்கள். பரீட்சையில் மார்க் குறைந்தால் திட்டாமல் என்னைக் கூப்பிடுங்கள், நான் திட்டிக்கொள்கிறேன்.

உங்கள் இருவரையும் ஆண்டவர் குறையில்லாமல் வைத்திருக்கட்டும். தங்கச்சிக்கு எங்கள் அன்பு. அக்காள் கொடுத்தனுப்பும் வடகம் பையில் இருக்கும்.

இப்படிக்கு,
அத்தான் லூர்துராஜ்

பி.கு.: கடிதத்தை மடித்துவிட்டு லின்சி பை கட்டுவதைப் பார்க்கப் போனேன். பாதித் துணிதான் எடுத்து வைத்திருந்தாள். மீதி எங்கே என்று கேட்டேன். “அது இங்கேயே இருக்கட்டும் தாத்தா. எல்லாத்தையும் எடுத்துட்டா நான் போயிட்டேன்னு ஆயிடும்” என்றாள். மச்சான், மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். என்னால் முடியாது. நீங்களும் தங்கச்சியும் ஞாயிற்றுக்கிழமை அவசியம் வாருங்கள், மீன் தலையே வாங்கித் தருகிறேன், பிள்ளையை மட்டும் கேட்காதீர்கள். பணத்துக்கு ஆண்டவர் வழி விடுவார், இல்லாவிட்டால் மத்தியானமும் இடியாப்பம் போடுவோம். உங்களிடம் அனுப்பித்தான் ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் உங்கள் அக்காள். அவளிடம் இதை எப்படிச் சொல்வது என்று பயந்துகொண்டே கொல்லைப்பக்கம் போனேன். அவள் லின்சியின் இந்த ஊர்ப் பள்ளிக்கூட யூனிஃபார்மைத் திங்கட்கிழமைக்காக ஊறவைத்துக்கொண்டிருந்தாள்.