தங்கள் தொடர்கதையை எழுதியது நான் அல்ல

லட்லோ, 9 மார்ச் 1868

மதிப்பிற்குரிய ஆசிரியர் திரு. கிரிம்ஷா அவர்களுக்கு,

தங்கள் இருமல் தணிந்திருக்கும் என்று நம்பி, ஆம்ப்ரோஸ் விட்காம் பணிவுடன் எழுதுவது. நான் சுற்றி வளைத்து எழுதுபவன். ஆகவே விஷயத்தை முதலிலேயே வரிசைப்படுத்துகிறேன்.

1. தங்கள் வாரப் பத்திரிகையில் வந்த பதினோரு தொடர்கதைகளையும் எழுதியவள் என் தங்கை ஹெஸ்டர்.
2. பிழை என் கையெழுத்தால் நேர்ந்தது.
3. பெயர் எப்படி அச்சானாலும், அடுத்த அத்தியாயம் செவ்வாய்க்கிழமை தங்களுக்கு வந்து சேரும்.

எங்கள் தந்தையார் பெண்பிள்ளை பெயர் அச்சில் வரக்கூடாது என்றதால் ஹெஸ்டர் இருபத்திரண்டு ஆண்டுகள் 'லட்லோவாசி' என்றே எழுதினாள், ஒரு வாரம்கூடத் தவறவில்லை, மாவு பிசைந்த கையோடு எழுதுவதால் அவள் எழுத்து எவருக்கும் புரியாது, நான்தான் படியெடுப்பேன், தந்தையார் மறைந்தபின் இனி விட்காம் என்று பெயர் போடலாம் எனத் தங்களுக்கு எழுதினேன், எந்த விட்காம் என்று எழுத விட்டுப்போயிற்று, கையெழுத்து என்னுடையது என்பதால் தாங்களும் ஆம்ப்ரோஸ் விட்காம் என்றே அச்சிட்டுவிட்டீர்கள். விளைவு, கறிக்கடையில் திருமதி டாப்னி என்னைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன வாத்தியாரே, அந்தப் பொண்ணைக் கிணத்துல தள்ளிட்டு உங்களுக்குச் சோறு இறங்குதா?"

"தள்ளினது என் தங்கச்சிம்மா."

"பழியைத் தங்கச்சி மேல போடுறாரு பாருங்க. கதையில மட்டும் எவ்வளவு தைரியம்!"

தைரியம் எல்லாம் அவளுடையது. முப்பது ஆண்டு இலக்கணம் கற்பித்த நான் கதையில் ஒரு வேலைக்காரியைக்கூட உயிரோட்டமாகப் பேசவைக்க முடியாதவன். அவளோ, அடுப்பில் கறி வேகும் நேரத்தில் ஒரு நீதிமன்றத்தையே அழவைப்பாள். என் பெயரைப் பார்த்தபோதும், "அச்சுல நல்லாத்தான் இருக்கு அண்ணா" என்று சொல்லிவிட்டு மாவைப் பிசையப் போய்விட்டாள். அவளுக்கு வருத்தமில்லை போலும். எனக்குத்தான் தெருவில் நடக்க முடியவில்லை. அவள் பெயரைப் போட்டுவிடுங்கள்.

தங்களுக்கும், என் படிகளைப் பொறுமையாக அச்சுக்கோக்கிறவர்களுக்கும் ஆண்டவன் நல்ல உடலும் நல்ல வெளிச்சமும் அருளட்டும்.

தங்கள் பணிவான,
ஆம்ப்ரோஸ் விட்காம்

பி.கு.: படியெடுப்பதற்காக அத்தியாயத்தைக் கேட்கப் போனேன். ஹெஸ்டர் அதன்மேல் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

"தரமாட்டேன் அண்ணா. ஹெஸ்டர் விட்காம்னு அச்சுல பாத்தப்புறம்தான் அவ கிணத்தை விட்டு மேல வருவா."

"அதுவரைக்கும் பாவம், குளிருமே?"

"போன வாரமே கம்பளிச் சால்வை கொடுத்துதான் இறக்கியிருக்கேன். ஈஸ்டர் வரைக்கும் தாங்குவா."

ஆகவே மூன்றாவதாக நான் எழுதியது தவறு.