நாக்கு டாக்டரும் கவுஞ்சிக் குரலும்

கொடைக்கானலில் குளிரைத் தாங்கலாம், சீசன் கூட்டத்தைத் தாங்கலாம். நாக்கு டாக்டரிடம் ஓர் ஆதார் அட்டையை ஜெராக்ஸ் எடுப்பதைத் தாங்கவே முடியாது.

அவருடைய ஜெராக்ஸ் கடை எங்கள் தெருமுனையில்; 'நாக்கு டாக்டர்' என்பது ஊர் வைத்த பெயர். அவர் மொழியியலில் எம்.ஏ. அந்தப் பட்டத்தைச் சட்டம் போட்டு மெஷினுக்கு மேலே மாட்டியிருக்கிறார். பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்பார்கள்: "சாருக்கு எத்தனை மொழி தெரியும்?" அத்தோடு மெஷின் நின்றுவிடும்.

"மாட்டு டாக்டர்கிட்டப் போயி எத்தன மாடு வச்சிருக்கீங்கன்னு கேப்பீங்களா? நான் மொழி எப்படி வேல செய்யுதுன்னு பாக்குறவன்யா."

பார்ப்பது என்றால் வாய்க்குள்ளேயே பார்ப்பார். "ழ சொல்லுங்க. நாக்கு எங்க போகுது?" இது ஒலியியல். பிறகு தொண்டையில் விரல் வைத்து 'பம்பரம்' என்று சொல்லச் சொல்வார். "ரெண்டு 'ப'வும் ஒரே எழுத்து. ஆனா சத்தம் வேற வேற. ஒங்களுக்கே தெரியாம சரியாச் சொல்றீங்க பாருங்க." வரிசையில் நின்ற ஏழு பேர் தொண்டையைப் பிடித்துக்கொண்டு பம்பரம், பம்பரம் என்று சொல்வதைப் பார்த்து, சுற்றுலா வந்த ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கடைக்குள் நுழைந்தார்.

பெயரை நம்பி, பெருமாள்மலைக் காபி வியாபாரி ஒருவர் வாய்ப்புண்ணோடு வந்தே விட்டார். டாக்டர் பத்து நிமிடம் டார்ச் அடித்துப் பார்த்து, "ஒங்க ளகரம் அருமை" என்று சொல்லி அனுப்பினார்.

மின்வாரியத்து ஆட்கள் வருவார்களா என்று பக்கத்து வீட்டம்மா கேட்டால், "வரமாட்டாங்களாம்" என்பார். அதோடு விடமாட்டார். "ஒத்த வார்த்தைக்குள்ள எத்தன பேரு குடியிருக்காங்க பாருங்க. வர்றது இருக்கு, மாட்டேங்கிறது இருக்கு, யாருங்கிறது இருக்கு. நான் சொல்லல, எவனோ சொன்னான்னு கடைசியில ஒரு 'ஆம்' இருக்கு. இதான் உருபனியல்."

"அப்ப கரண்டு எப்ப சார் வரும்?" என்பார் அந்தம்மா.

கேரட் தோட்டத்தைக் காட்டெருமை அழித்துவிட்டதென்று மனுவோடு ஒரு விவசாயி வந்தார். டாக்டருக்குத் தொடரியல் பொங்கிவிட்டது. "காட்டெரும தோட்டத்த அழிச்சுது. தோட்டத்தக் காட்டெரும அழிச்சுது. எப்படி மாத்திப் போட்டாலும் அழிச்சது எருமதான். ஏன்?"

"சார், நீங்க மாத்தி மாத்திப் போடுறதுக்குள்ள அது மிச்சத்தையும் மேஞ்சிரும். வெரசா எடுத்துக் குடுங்க, சோலி கெடக்கு."

ஒருநாள் என் வீட்டில் வந்து உட்கார்ந்தவரைக் கிளப்ப, "அடுப்புல பால் வச்சிருக்கேன் சார்" என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தீங்களா, சொன்னது பாலப் பத்தி. அர்த்தம், எந்திரிச்சுப் போ. இதான் பயன்வழியியல்." அதை விளக்க இன்னும் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பால் பொங்கி வழிந்தது.

இப்படியெல்லாம் சிரித்துக்கொண்டிருந்தவளுக்குத்தான் அந்த நாள் வந்தது. கடும் மழையும் மூடுபனியுமாக இருந்ததால் மதியமே பள்ளியை விட்டுவிட்டார்கள். ஆறாம் வகுப்புப் படிக்கும் என் மகள் ஜெனி வீட்டுக்கு வரவில்லை. பனியில் பலகை தெரியாமல் வேறு ஏதோ பஸ்ஸில் ஏறியதைப் பார்த்ததாக ஒரு தோழி சொன்னாள். எந்த பஸ் என்று அவளுக்குத் தெரியவில்லை. காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது, தெரியாத எண்ணிலிருந்து ஓர் அழைப்பு.

"பாப்பா எங்க வீட்டுலதான் இருக்கு, பயப்படாதீங்க. அடையாள அட்டையில நம்பர் இருந்துச்சு. நனஞ்சுபோயி வந்துச்சு, தலையத் தொவட்டி விட்டிருக்கேன். எங்க வீடு..."

இணைப்பு அறுந்துபோயிற்று. திரும்ப அழைத்தால் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றது. அந்தக் குரல் நல்ல குரல்தான். ஆனால் எங்கிருந்து? அந்த எண்ணின் முகவரி கிடைக்க நாளையாகும் என்றார்கள் காவலர்கள்.

என் போன் அழைப்புகளைத் தானாகப் பதிவுசெய்யும். நான் ஜெராக்ஸ் கடைக்கு ஓடினேன். டாக்டர் கண்ணை மூடி மூன்று முறை கேட்டார்.

"கவுஞ்சி" என்றார். "முடிக்கையில ஒரு ராகம் ஏறுது பாருங்க. சத்தியமா மேல்மலைக் கவுஞ்சி ஊருதான்."

கணவரை வீட்டில் காவலுக்கு வைத்துவிட்டு, பக்கத்து வீட்டு ஜீப்பில் நானும் டாக்டரும் கிளம்பினோம். ஏறக்குறைய இரண்டு மணி நேரம். வழிநெடுக அவர் கிளைமொழிகளைப் பற்றிப் பேசினார். ஊருக்கு ஊர் பேச்சு எப்படி மாறுகிறது, எந்த வளைவில் எந்த ராகம் நிற்கிறது என்று. நான் ஜெபித்துக்கொண்டே வந்தேன்.

கவுஞ்சியில் பூண்டு தரம் பிரித்துக்கொண்டிருந்த பெண்களிடம் பதிவைப் போட்டுக் காட்டினோம். முறத்தோடு எழுந்து வந்தார் ஓர் அம்மா.

"இது எம் மக செல்வி கொரலுல்ல?"

டாக்டர் நிமிர்ந்தார். இமயமலையே நிமிர்ந்தது போலிருந்தது. "வீடு எதும்மா?"

"இங்க ஏது வீடு? அவளத்தான் வில்பட்டியில கட்டிக் குடுத்து ஒம்போது வருசமாச்சே."

வில்பட்டி எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம்தான். நாங்கள் அதை விட்டு வேறு திசையில் மலையெல்லாம் ஏறி வந்திருந்தோம். டாக்டர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அந்த அம்மா மருமகன் எண்ணுக்கு அழைத்தார். அவர் தோட்டத்திலிருந்து அப்போதுதான் வீடு திரும்பியிருந்தார். கரண்டு இல்லாமல் செல்வியின் போன் செத்துப்போயிருந்ததாம். அடுத்து ஜெனியின் குரல்: "அம்மா, இங்க முயல்குட்டி இருக்கு. கொஞ்ச நேரம் கழிச்சு வர்றியா?"

நான் பூண்டுக் குவியல் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

திரும்பும் வழியில் டாக்டர் வாயே திறக்கவில்லை. பூம்பாறை தாண்டியது. பேசாத நாக்கு டாக்டரை நான் அதுவரை பார்த்ததில்லை.

"பேச்சு பொறந்த வீட்டத்தான் காட்டும், புகுந்த வீட்டக் காட்டாதுன்னு எனக்குத் தெரியும்மா" என்றார் கடைசியில், ஜன்னலைப் பார்த்தபடி. "கட்டிக் குடுத்திருப்பாங்கன்னு யோசிச்சிருக்கணும். பாப்பாவக் காணோம்னதும் எனக்குப் படிச்சது ஒண்ணும் ஞாபகம் வரல."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றினார்.

எனக்கு அது பொறுக்கவில்லை. "சார், கைக்குழந்தைங்க எல்லாம் யாரும் சொல்லிக் குடுக்காமலே எப்படி சார் பேசப் பழகுதுங்க?" என்று கேட்டேன்.

மெதுவாக என் பக்கம் திரும்பினார். "அது பெரிய கதையாச்சேம்மா" என்று ஆரம்பித்தார்.

வில்பட்டி வரும்வரை ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டு வந்தேன்.